கொல்லையில் பட்டாம்பூச்சித் தோட்டம்: டெல்டாக்காரர்களுக்கு முட்டையிலிருந்து சிறகு வரை ஒரு முழு வழிகாட்டி

பட்டாம்பூச்சித் தோட்டம் வைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன பூச்செடி வாங்கலாம் என்றுதான். பூ அப்புறம். முதலில் இலை. தேன் குடிக்க வருகிற பட்டாம்பூச்சி குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். முட்டை வைக்க இலை இருந்தால்தான் அது உங்கள் கொல்லையையே சுற்றிச் சுற்றி வரும். எந்த இலையிலும் வைத்துவிடாது; ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள்தான், அந்த இலையைத் தவிர வேறு இலையைப் புழு தின்னாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும். அந்தச் செடிகளில் பலவற்றை நாம் களை என்று பிடுங்கி வரப்பில் வீசிக்கொண்டிருக்கிறோம், இதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

நான் இருப்பது திருவையாறு பக்கம், குடமுருட்டியிலிருந்து கூப்பிடு தூரம். கீழே சொல்வதெல்லாம் இந்த மண்ணுக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஏற்ற முறை. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

முதல் வாரம் எதையும் நடாதீர்கள்

ஒரு வாரம் காலை எட்டு மணிக்கு மேல், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கொல்லையையும் வேலியையும் சுற்றி வாருங்கள். பட்டாம்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும், அதனால் விடியற்காலையில் போய்ப் பிரயோஜனம் இல்லை. ஏற்கெனவே உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வாரத்து வேலை.

கறிவேப்பிலை இருக்கிறதா? அப்படியானால் கறிவேப்பிலை அழகி வரும். ஆண் கறுப்பாக, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு இருக்கும். பெண்ணில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும், இன்னொரு வகை ரோஜா அழகியைப் போல, மற்றொன்று சிவப்புடல் அழகியைப் போல வேஷம் போட்டிருக்கும். அந்த இரண்டு அழகிகளும் பறவைக்கு ஆகாத நஞ்சு உள்ளவை, அவற்றைப் போலத் தோன்றினால் பறவை தொடாது. எலுமிச்சை, நார்த்தை, வில்வம் இருந்தால் எலுமிச்சை அழகி. நெட்டிலிங்க மரமோ சீத்தாவோ இருந்தால் கறுப்பில் பச்சைப் புள்ளி போட்ட டெயில்டு ஜே. தேன் குடிக்கும்போதுகூட சிறகடிப்பதை நிறுத்தாது, போட்டோ எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாசலில் அரளி இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன். சரக்கொன்றை இருந்தால் வெளிர் மஞ்சள் எமிக்ரன்ட். மாமரத்தில் ஆங்கிலத்தில் பேரன் (Baron) என்கிற பழுப்பு நிறப் பூச்சியின் புழு இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு: பச்சை உடம்பு, இரண்டு பக்கமும் இறகு மாதிரி கிளைத்த முள், முதுகில் ஒரு வெளிர்க் கோடு. அந்தக் கோட்டை இலையின் நடு நரம்போடு சரியாகப் பொருத்தி வைத்துப் படுத்துக்கொள்ளும். அரை அடி தூரத்தில் நின்று பார்த்தாலும் இலைதான் தெரியும்.

வேலியிலும் வரப்பிலும் எதைப் பிடுங்கக் கூடாது

எருக்கில் முதலில் வருவது வெந்தய வரியன். ஆனால் வீட்டருகே எருக்கு என்றால் ஊரே பேசும். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எருக்கு மொளச்சாலே வீட்டுக்கு ஆகாதும்பாங்க, நீ என்னப்பா அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படிப் பேச்சு வந்தால் சண்டை போட வேண்டாம், வேலிப்பருத்திக் கொடியைப் படலில் ஏற்றிவிடுங்கள். உத்தாமணி என்றும் சொல்வார்கள். வெந்தய வரியன் அதிலும் முட்டை வைக்கும். எருக்கு வளர்க்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இலை பறித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிள்ளைகளைப் பறிக்க விடக் கூடாது.

வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் நிற்கிற நீர்முள்ளியும், தரையோடு படர்கிற பொடுதலையும் மயில் வசீகரனுக்கு. சிறகில் மயில் கண் வரைந்த ஆரஞ்சு நிறப் பூச்சி, டெல்டாவின் ஈர மண்ணுக்கென்றே பிறந்தது மாதிரி நடவு வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கும். தகரை, ஆவாரை இருந்தால் மஞ்சள் பூச்சிகள் வரும். ஆமணக்கு இருந்தால் காமன் கேஸ்டர். இதன் கொட்டை கடும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் காய் பிடித்ததும் நறுக்கிவிடுங்கள். வலை மாதிரி பொதிக்குள் மஞ்சள் பழம் வைக்குமே, சிறுபூனைக்காலிக் கொடி, அதில் செம்மண் நிற டானி கோஸ்டர் கூட்டம் கூட்டமாக வளரும். பருப்புக்கீரையைக்கூட முழுக்கக் குழம்புக்குப் பறித்துவிடாதீர்கள். டனாய்டு எக்ஃபிளை அதில்தான் முட்டையிடும், அதன் பெண் அச்சு அசல் வெந்தய வரியனைப் போலவே இருக்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் தேடிப் போய்க் கொண்டுவரலாம் என்றால் நான் ஆடுதீண்டாப்பாளையைச் சொல்வேன். கொடியாக வேண்டுமென்றால் பெருமருந்துக்கொடி. சிவப்புடல் அழகிக்கும் ரோஜா அழகிக்கும் இந்தக் குடும்பம்தான், வேறு போக்கிடம் இல்லை. புழு இந்த இலையின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, பூச்சியான பிறகும் அது கூடவே இருக்கிறது. மூலிகை என்று யாராவது சொன்னாலும் இதைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கிற அமிலம் இதில் இருக்கிறது.

செடி அடையாளம் தெரியவில்லையா? ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 25 ஏக்கர், 2015-இல் திறந்தார்கள். ஒரு காலைப்பொழுது நோட்டோடு போய் வாருங்கள், என்ன செடியில் என்ன பூச்சி என்று அங்கே நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நடுகிற வேலை

இங்கே பெரிய பிரச்சினை வெயில் அல்ல, ஐப்பசி கார்த்திகையில் தேங்குகிற தண்ணீர். களிமண்ணில் நான்கு நாள் தண்ணீர் நின்றால் எலுமிச்சைக்கு வேர் அழுகும், கறிவேப்பிலையும் தாங்காது. அதனால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போட்டு, ஆற்று மணலும் மக்கிய சாணியும் கலந்து அதன்மேல் நடுங்கள். ஆடியில் நட்டால் அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். நீர்முள்ளிக்கும் பொடுதலைக்கும் இந்த மேடெல்லாம் வேண்டாம், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடமே போதும்.

கிழக்கு வெயில் விழுகிற இடம், மேற்கே சுவரோ வாழையோ காற்றை மறைக்க வேண்டும். இது இரண்டும் அமைந்தால் ஐந்தடிக்குப் பத்தடி இடம் போதும். ஒவ்வொரு செடியும் ஒன்று மட்டும் வைக்காதீர்கள். நன்றாக வளர்ந்த நாலைந்து புழு ஒரு சின்ன எலுமிச்சைக் கன்றை இரண்டு மூன்று நாளில் மொட்டையடித்துவிடும். கறிவேப்பிலையில் குறைந்தது மூன்று, அதில் ஒன்று சமையலுக்கு என்று ஒதுக்கிவிட்டால் வீட்டில் பேச்சு வராது.

பூவுக்கு இட்லிப்பூ, தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, நித்யகல்யாணி, ஜீனியா. வெட்டுக்காயப் பூண்டு தானாகவே முளைக்கும், சும்மா விட்டால் போதும், சின்னப் பூச்சிகளுக்கு அதைவிட நல்ல பூ இல்லை. உண்ணிச்செடியில் பூச்சி மொய்க்கும் என்பது உண்மைதான், இருந்தாலும் வைக்காதீர்கள். பறவை வழியாக விதை பரவி எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் ஓரமாக இரண்டு இருக்கட்டும். வரியன் வகை ஆண்கள் வாடிய இலையையும் தண்டையும் சுரண்டிச் சுரண்டி அதிலிருக்கிற ஒரு ரசாயனத்தை எடுத்துக்கொள்ளும், பெண்ணைக் கவரும் வாசனைக்கு அது தேவை.

ஒரு மூலையில் அகலமான மண் தட்டு வைத்து, ஆற்று மணல் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சாணிக் கரைசலும் விட்டு ஈரமாக வைத்திருங்கள். ஆண் பூச்சிகள் உப்புச் சத்துக்காக வந்து உறிஞ்சும். தோல் கறுத்த பூவன்பழம் ஒன்றை நிழலில் போட்டால் பூவுக்கே வராத பழுப்புப் பூச்சிகள் சாயங்காலம் வரும். அந்தப் பழுப்புப் பூச்சியில் ஒன்றான ஈவினிங் பிரௌன் நெற்பயிரில் வளர்வது. புழுவுக்குத் தலையில் இரண்டு கொம்பு இருக்கும், நடவு வயலில் பார்த்திருப்பீர்கள்.

மருந்து

வயல் வேறு, கொல்லை வேறு. கொல்லையில் எந்த மருந்தும் கூடாது, வேப்பெண்ணெய்க் கரைசலும் கூடாது. இயற்கை மருந்துதானே என்று கேட்பார்கள். புழுவைக் கொல்வதற்குத்தானே அது, பட்டாம்பூச்சிப் புழுவும் புழுதான். பக்கத்து வயலில் தெளிக்கிற நாளில் காற்று உங்கள் பக்கம் அடித்தால் புழு வளர்க்கிற பெட்டிகளை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

முதல் வருஷம் ஒரு நர்சரியில் தளதளவென்று இருந்த கறிவேப்பிலைக் கன்று இரண்டு வாங்கி வந்தேன். வீட்டுச் செடியில் இலை தீர்ந்துபோயிருந்ததால் அன்று சாயங்காலமே ஏழு புழுக்களை அதில் எடுத்து விட்டேன். காலையில் ஏழும் கறுத்துத் துவண்டு தரையில் கிடந்தன. வாயிலிருந்து பச்சையாக ஒழுகியிருந்தது. செடிக்குள்ளேயே ஊறியிருக்கிற மருந்து, கழுவினால் போகாது. அன்றிலிருந்து, வாங்கி வருகிற செடியை இரண்டு மாதம் தனியாக வைத்து, இருந்த இலையெல்லாம் உருவிப் போட்டு, இங்கே புதிதாகத் துளிர்த்த இலையைத்தான் கொடுக்கிறேன். விதையிலோ பதியனிலோ நீங்களே வளர்ப்பது இன்னும் நல்லது.

முட்டை தேடுவது

ஒரு பூச்சி செடியைச் சுற்றித் தத்தித் தத்திப் பறந்து, இலையை முன்காலால் தட்டிப் பார்த்து, வயிற்றை வளைத்து ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகிறதா? அது முட்டையிடுகிற பெண். இலையை நுனிக்காலால் தொட்டே அது சரியான செடியா என்று ருசி பார்த்துவிடும். அது போன பிறகு போய்ப் பாருங்கள். எலுமிச்சை அழகியின் முட்டை கடுகளவு, வெளிர் மஞ்சள் உருண்டை, கொழுந்தில் இருக்கும். வெந்தய வரியனுடையது வெள்ளையாக, நெடுக வரி ஓடியபடி, இலைக்கு அடியில் ஒற்றையாக இருக்கும். சிவப்புடல் அழகியின் முட்டை செங்காவி நிறம்.

எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடாதீர்கள். செடியிலேயே பாதியை விடுங்கள், அதுதான் நியாயம்; மைனாவுக்கும் ஓணானுக்கும் பங்கு உண்டு. முட்டையை விரலால் பிரிக்காமல் இலையோடு கிள்ளி எடுங்கள்.

பெட்டியில் வளர்ப்பது

இரண்டு வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது செடியிலேயே ஒரு கிளைக்குக் கொசுவலைத் துணியால் பை மாட்டி இரண்டு முனையிலும் கட்டிவிடுவது. இலை வாடாது, காற்று வரும், உங்களுக்கு வேலையும் குறைவு. கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் பெட்டி. பழைய பிஸ்கட் டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ போதும், மூடிக்குப் பதில் வேட்டித் துணி கட்டி, அடியில் செய்தித்தாள் விரியுங்கள். காம்பைத் தண்ணீர் உள்ள சின்னக் குப்பியில் செருகி, குப்பி வாயைப் பஞ்சால் நன்றாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் விழும். ஒரு பெட்டிக்கு நான்கு புழுவுக்கு மேல் வேண்டாம். இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். புழுக்கை விழுந்த தாளைத் தினமும் காலையில் மாற்ற வேண்டும், ஒரு நாள் விட்டாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்து நோய் வந்துவிடும். எறும்புக்கு, அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, பெட்டி வைக்கிற ஸ்டூலுக்கும் அதே வைத்தியம்தான்.

பொரிந்து வந்த புழுவுக்கு முதல் சாப்பாடு பெரும்பாலும் தன் முட்டை ஓடுதான். அப்புறம் நான்கு முறை தோல் உரிக்கும். உரிப்பதற்கு முன் ஒரு நாள்போல அசையாமல், தின்னாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று பதறி எடுத்து நகர்த்திவிடாதீர்கள், காலால் பற்றிய பட்டு இழையிலிருந்து பிரித்துவிட்டால் தோல் உரிக்க முடியாமல் உண்மையாகவே செத்துப்போகும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் அது இருக்கிற இலையோடு நகர்த்துங்கள்.

எலுமிச்சை அழகியின் சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கறுப்பு பழுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. கடைசித் தோல் உரித்ததும் பச்சையாக மாறிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், கூடவே ஒரு காரமான நெடி. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், ஆனால் திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள்.

வெந்தய வரியன் புழுவை எருக்கில் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கறுப்பு வெள்ளை மஞ்சள் பட்டை, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. எருக்கிலையைக் கடித்தால் பால் பீறிட்டு வாயை ஒட்டிவிடும் அல்லவா? அதனால் அது நேராகத் தின்ன ஆரம்பிக்காது. முதலில் நரம்பை ஓரிடத்தில் கடித்துக் கடித்துப் பள்ளம் போடும். சொட்டுச் சொட்டாகப் பால் வடியும். தலையைப் பின்னுக்கு இழுத்து வாயை இலையில் தேய்த்துவிட்டு மறுபடி கடிக்கும். கொஞ்ச நேரத்தில் அதற்கு அப்பால் இருக்கிற இலைப் பகுதிக்குப் பால் வருவது அடங்கிவிடும். அப்புறம் அந்தப் பகுதிக்கு ஏறிப் போய் விளிம்பிலிருந்து சாவகாசமாகத் தின்னும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், பிறந்து சில நாளே ஆன ஓர் உயிர் இதைச் செய்வதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

முருங்கை மரத்துக் கம்பளிப்புழுவைத் தயவுசெய்து பெட்டிக்குள் வைக்காதீர்கள், அது அந்துப்பூச்சி இனம், மேலே பட்டால் அரிக்கும். நந்தியாவட்டையில் இருக்கிற, வாலில் கொம்பும் நீலக் கண்ணும் உள்ள பெரிய பச்சைப் புழுவும் அந்துப்பூச்சிதான், ஆனால் அழகான ஒன்று, ஆசையிருந்தால் வளர்த்துப் பாருங்கள்.

கூடும் சிறகும்

வெயில் காலத்தில் முட்டை மூன்று நான்கு நாள், புழு இரண்டு மூன்று வாரம், கூட்டுப்புழு எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் எல்லாமே நீளும். கடைசிக் கட்டத்தில் புழு தின்பதை நிறுத்தி, ஈரமாக ஒரு முறை கழித்துவிட்டு, பெட்டி முழுக்க அலையும். உள்ளே இரண்டு காய்ந்த குச்சியைச் சாய்த்து வையுங்கள். அழகி வகைகள் இடுப்பில் பட்டுக் கயிறு கட்டித் தலை மேலாகச் சாய்ந்துகொள்ளும். வரியன் வகைகள் தலைகீழாகத் தொங்கும். எலுமிச்சை அழகியின் கூடு பச்சையாகவும் அமையும், பழுப்பாகவும் அமையும், சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. அரளியில் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டைப் பார்த்தால் யாரோ வெள்ளி ஜிமிக்கியைத் தொங்கவிட்டது மாதிரி பளபளக்கும்.

முதல் நாள் கூட்டைக் கூர்ந்து பாருங்கள், புதுக்கூடு மெத்தென்று இருக்கும்போதுதான் ஒட்டுண்ணிக் குளவிகள் வந்து முட்டையிடும். ஒரே கூட்டில் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு டஜன் கணக்கில் குட்டிக் குளவிகள் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். துணி மூடியைச் சரியாகக் கட்டியிருந்தால் இது நடக்காது. முட்டை முழுக்கக் கறுத்து நாள் கணக்கில் பொரியாமல் கிடந்தால் அதிலும் ஒட்டுண்ணி. தண்டுத் துளைப்பானுக்காக நம் ஆட்கள் வயலில் கட்டுகிறார்களே ஒட்டுண்ணி அட்டை, அதே டிரைக்கோகிரம்மா வகைதான். குளவிமேல் கோபப்பட ஒன்றுமில்லை, அதனால்தான் எல்லா இலையும் தின்று தீர்க்கப்படாமல் இருக்கிறது.

பூச்சி வெளிவருவதற்கு முந்தின நாள் கூடு கறுக்கும், தோல் வழியாகச் சிறகின் நிறம் தெரியும். மறுநாள் காலை காபியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். ஓடு வெடித்து, கால் வெளியே வந்து, கசங்கிய ஈரத் துணி மாதிரி சிறகோடு பூச்சி ஏறித் தொங்கும். உடம்பிலிருந்து நீரைச் சிறகு நரம்புகளுக்குள் தள்ளித் தள்ளி விரிக்கும், பத்து இருபது நிமிஷத்தில் முழுச் சிறகு. உறிஞ்சுகுழல் இரண்டு பாதியாக இருக்கும், சுருட்டிச் சுருட்டி அதை ஒன்றாகப் பொருத்திக்கொள்ளும். கீழே சிவப்பாகச் சொட்டினால் ரத்தம் என்று பயப்பட வேண்டாம், கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது. எவ்வளவு தவித்தாலும் ஓட்டைப் பிரித்து உதவாதீர்கள். சிறகு விரிய அது தொங்குவதற்குக் கீழே மூன்று விரல்கடை இடமாவது வெற்றாக இருக்க வேண்டும். கூடு கீழே விழுந்துவிட்டால் வால் நுனியில் இருக்கிற பட்டிழையில் நூல் கட்டித் துணியில் தொங்கவிடலாம்.

மூன்று நான்கு மணி நேரத்தில் சிறகு காய்ந்துவிடும். வெயிலாக இருந்தால் மூடியைத் திறந்து இட்லிப்பூப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், மழை பெய்தால் மறுநாள் காலை வரை வைத்திருக்கலாம், முதல் நாள் சாப்பாடு இல்லாமலே தாங்கும்.

நோட்டில் முட்டை கண்ட தேதி, செடி, ஒவ்வொரு தோல் உரிப்பு, கூடு கட்டிய நாள், வந்த நாள், ஆணா பெண்ணா, அன்றைக்கு மழையா வெயிலா என்று எழுதுங்கள். படத்தை ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றினால் இனம் பெயர் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 2020-லிருந்து செப்டம்பர் மாதத்தில் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு நடக்கிறது, அப்போது உங்கள் கொல்லைக் கணக்கும் சேரட்டும்.

ஒரு சுற்று முடிந்ததும் பெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, துணியைத் துவைத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்த பிறகுதான் அடுத்த முட்டையை அதில் வைக்க வேண்டும்.